டெம்பரரி டயாலிசிஸ்

காலை ஆறு மணி பத்து நிமிடம். காவலாளி ஐ.சி.யூ. கதவைத் திறந்துவிட்டதும் முதலில் கண்ணில் பட்டது, கட்டிலின் அடியில் கொக்கியில் தொங்கிய சிறுநீர்ப் பை. அதன் கீழ்மூலையில் கொஞ்சம் திரவம் தேங்கியிருந்தது. ஆறிப்போன கடுங்காப்பியின் நிறம். பையின் மேல் அச்சிட்டிருந்த அளவுக் கோடுகளில் முதல் கோட்டை அது தொடவில்லை.

அதன் பிறகுதான் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தைப் பார்த்தேன். வீங்கி, விரல்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் இருந்தது. பிறகு கைகள், வாயில் செருகிய குழாய், அதைப் பிடித்து ஒட்டியிருந்த பிளாஸ்திரி, கடைசியாக முகம். என் தங்கையின் கணவர். ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நாற்பது வயது ஆகவில்லை.

செவிலியர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அவர் குனிந்து பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"ராத்திரி பூரா இம்புட்டுத்தான்க்கா போயிருக்கு. கிட்னி டாக்டர் இன்னைக்கு வருவாவ. தங்கச்சிய எங்கயும் போவ வேண்டாம்னு சொல்லுங்க."

வெளியே கூடத்தில் தங்கை இரும்பு நாற்காலிகள் மூன்றில் குறுக்கே படுத்திருந்தாள். என் செருப்புச் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, கண்ணு தொறந்தாரா?"

"இல்ல."

"ஒண்ணுக்கு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

சுண்டுவிரல் நுனியைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினேன். அவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே நெடுஞ்சாலையில் முதல் ஷிப்டுக்கான கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரகடம் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

அந்தக் கூடத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வி அதுதான். ஒண்ணுக்குப் போறாரா? வேறு எங்கே கேட்டாலும் முகம் சுளிப்பார்கள். உள்ளே படுத்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் காய்ச்சலில் ஆரம்பித்து மூச்சு முட்டி வந்தவர்கள். ஆனால் வெளியே காத்திருந்தவர்கள் நுரையீரலைப் பற்றி அதிகம் பேசவில்லை. அது டாக்டர்கள் பாடு என்று விட்டுவிட்டார்கள். பையில் எவ்வளவு விழுந்தது என்பதை மட்டும் அவர்களே பார்க்க முடியும்.

காய்ச்சல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. திங்களன்று வேலைக்குப் போனார். செவ்வாயும் போனார். அந்தத் தொழிற்சாலையில் முதலில் ட்ரெய்னி, பிறகு காண்ட்ராக்ட், பிறகு டெம்பரரி என்று படிப்படியாக ஏறி வந்தவர் அவர். டெம்பரரிகளில் யார் யாரைப் பர்மனென்ட் ஆக்குவது என்ற அறிவிப்பு அந்த மாதம் வரும் என்று பேச்சு இருந்தது. லீவு போடாதவர்களுக்கு முன்னுரிமை என்றும் பேச்சு. இரண்டுமே பேச்சுதான். எழுத்தில் எதுவும் இல்லை. வியாழக்கிழமை மாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீடுவரை நடக்க முடியாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர்தான் தங்கைக்குப் போன் செய்தார்.

அன்றே ஆக்சிஜன், மறுநாள் வென்டிலேட்டர். ஃப்ளூ வைரஸ், இரண்டு பக்கமும் நிமோனியா என்றார்கள். "கொரோனாவா?" என்று தங்கை கேட்டாள். இல்லை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பு வெகுநேரம் நிற்கவில்லை. ரத்த அழுத்தம் விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்த மருந்து ஏற்றினார்கள். அழுத்தம் நின்றது. சிறுநீர் குறைந்தது.

கிட்னி டாக்டர் பத்து மணிக்கு மேல் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். நடுத்தர வயதுப் பெண். மேசைமேல் இரண்டாகப் பிளந்து காட்டுகிற பிளாஸ்டிக் சிறுநீரகம் ஒன்று இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"காய்ச்சல் வந்தப்ப வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாராம்மா?"

"அதெல்லாம் அவரு போடவே மாட்டாரு மேடம்," என்றாள் தங்கை. "செட்டு மட்டும்தான்."

டாக்டர் பேனாவை மூடினார். "எத்தனை செட்?"

"காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு. வேலைக்குப் போற அன்னிக்கு மத்தியானத்துக்கும் ஒண்ணு எடுத்துகினு போவாரு."

எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் நோயைச் சொன்னால் போதும். கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து ஒரு சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். அதுதான் செட். காய்ச்சல் செட், சளி செட், உடம்புவலி செட். கத்தரித்த துண்டில் மாத்திரையின் பெயர் பாதி இருக்கும், பாதி இருக்காது. யாரும் அதைப் படிப்பதும் இல்லை.

"அதுல ஒண்ணு வலி மாத்திரைதாம்மா," என்றார் டாக்டர். தங்கையின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு உடனே சொன்னார்: "அதனாலதான்னு நான் சொல்லல. வைரஸ் கடுமையா தாக்கும்போது பிரஷர் விழுது, ஆக்சிஜன் கொறையுது, கிட்னிக்குப் போற ரத்தம் கொறையுது. உள்ள இருக்கற பல பேருக்கு இப்படித்தான். செட்டு போடாதவங்களுக்கும் வந்திருக்கு. அது கொஞ்சம் கூட்டிவிட்டிருக்கலாம், அவ்வளவுதான்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். நீர் பிரிப்பதற்கான ஊசியைப் போட்டுப் பார்த்தாயிற்று, பலன் இல்லை. உடம்பில் நீர் சேருகிறது, அது நுரையீரலையும் அழுத்துகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. இன்னும் ஏறினால் இதயத் துடிப்பு தவறும். கழுத்து நரம்பில் ஒரு குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும்.

"பயப்படாதீங்க. இது டெம்பரரி டயாலிசிஸ்தான்."

தங்கை அதுவரை முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைக்குப் பிறகு நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

"வேணாம் மேடம்."

"ஏம்மா?"

"வேணாம்."

டாக்டர் இன்னும் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். இரண்டு தடவையும் "டெம்பரரி" என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். இரண்டு தடவையும் தங்கை தலையை ஆட்டினாள். கடைசியில் டாக்டர் என்னைப் பார்த்து, "மத்தியானம் ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கறேன். அதுக்குமேல என்னால காத்திருக்க முடியாது, அவராலயும் முடியாது," என்றார்.

கூடத்துக்கு வந்தோம். தங்கையின் மச்சாண்டார், அதாவது கணவரின் அண்ணன், இட்லிப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்குக் கொடுத்ததுபோக மிஞ்சிய நிலத்தில் வரிசையாக அறைகள் கட்டி வெளியூர்த் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர். நான் சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவள் என்பதால் என்னை அவர் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிட்டதே இல்லை.

"இன்னா பேப்பர்காரம்மா, இன்னா சொல்றாங்க உள்ள?"

சொன்னேன்.

"டயாலிசிஸா? ஒரு வாட்டி மாட்னா அவ்ளோதான். எங்க தெருவுல ஒருத்தன் வாரத்துக்கு மூணு வாட்டி போய்கினு வந்துகினு இருந்தான். ஆளு கருத்து, கால் சூம்பி... வேணாம்மா. தம்பிக்கு அது வேணாம்." தங்கை பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொன்ன?"

"வேணாம்னுதான் சொன்னேன் மாமா."

"கரெக்ட்டு. சாப்டு."

அவள் சாப்பிடவில்லை. அவர் மனசிலும் அந்தத் தெருக்காரரே இருக்கிறார், இவள் மனசிலும் அவரே இருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதனால் அந்தத் தெருக்காரரைப் பற்றியே பேசினேன். அவருக்குச் சர்க்கரை நோய், பல வருடமாகக் கெட்ட சிறுநீரகம். இவருக்குப் போன வாரம்வரை நன்றாக இருந்தது, அடிபட்டு நின்றிருக்கிறது. இரண்டும் வேறு வேறு. தங்கை எல்லாவற்றுக்கும் "தெரியும்க்கா" என்றாள். தெரிந்தும் வேண்டாம் என்கிறாள் என்றால் என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் பை அப்படியே இருந்தது.

முதல் ஷிப்டில் பாதி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அவரோடு ஒரே அசெம்பிளி லைனில் நிற்கும் நண்பர் வந்தார். சாம்பல் நிறச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. இரண்டு பேரும் ஒரே நாளில் ட்ரெய்னியாகச் சேர்ந்தவர்கள். வந்ததும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது தெரியக்கூடாது என்று உடனே பேச ஆரம்பித்தார்.

"இன்னாண்ணி, உம்முனு கீறீங்க? டெம்பரரிதான? போடச் சொல்லுங்க. மச்சான் ரெண்டு நாள்ல எழுந்து வந்து என்னிய திட்டுவான் பாருங்க."

தங்கை எழுந்து நின்றாள். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் குரல் உயர்ந்தது.

"டெம்பரரின்னா இன்னான்னு நீ எனக்கு சொல்லாத! அவர டெம்பரரி பண்ணப்ப நீதான ஸ்வீட் பாக்ஸ் தூக்கிகினு வூட்டுக்கு வந்த? இன்னா சொன்ன? 'டெம்பரரி வந்துட்டாலே போதும் அண்ணி, அடுத்து பர்மனென்டுதான், வேற வழியே இல்ல'ன்னு சொன்னியா இல்லியா?"

நண்பர் சிரிக்கப் பார்த்தார். அவர் வாய் பாதியில் நின்றது.

"அது... அண்ணி, அது கம்பெனில..."

"எங்கயா இருந்தா இன்னா? இப்ப டெம்பரரின்னு கழுத்துல மாட்டுவாங்க. அப்பறம் பர்மனென்ட் பண்ணிடுவாங்க. வாழ்நாள் பூரா அந்த மெஷினோட கெடக்கணும். எனக்குத் தெரியாதா?"

மச்சாண்டார் தலையாட்டினார். "அதத்தான் நானும் சொல்றேன்."

அவர் சொன்னது அது அல்ல. ஆனால் இப்போதுதான் எனக்கு விளங்கியது. பயத்தைக் குறைக்க டாக்டர் சொன்ன ஒரே சொல்தான் அவளைப் பயமுறுத்தியிருக்கிறது. அகராதியில் டெம்பரரி என்றால் முடிந்துபோவது. இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் இருக்கிற குடும்பங்களில் டெம்பரரி என்றால் பர்மனென்டுக்கு முந்தைய படி. ட்ரெய்னி, காண்ட்ராக்ட், டெம்பரரி, பர்மனென்ட். அந்த வரிசையில் யாரும் திரும்பி இறங்குவதில்லை. வெளியே அனுப்பப்படுவார்கள், அல்லது மேலே போவார்கள். டாக்டர் எத்தனை முறை அழுத்திச் சொன்னாரோ அத்தனை முறை அவள் அடுத்த படியைக் கேட்டிருக்கிறாள்.

நான் போய் டாக்டரைத் தேடினேன். வேறொரு கட்டிலருகே இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு முகக்கவசத்துக்குள் பெருமூச்சு விட்டார். "ஆறு வருஷமா இந்த வார்த்தையத்தான் சொல்லிட்டிருக்கேன்," என்றார். "எத்தனை பேர் இப்படிக் கேட்டாங்களோ."

கூடத்துக்கே வந்து தங்கையின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். டெம்பரரி என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொல்ல முயன்றார். கை ஒடிந்தால் மாவுக்கட்டு போடுவதில்லையா என்றார். தங்கை, "கட்டு உள்ள ரத்தத்த எடுத்து வெளிய சுத்த வுடறதில்லியே மேடம்," என்றாள். டாக்டர் மாவுக்கட்டை விட்டுவிட்டார். "கிட்னி இப்ப வேலைய விட்டு நிக்குது. அது திரும்பி வர்ற வரைக்கும் அந்த எடத்துல வேற ஒண்ணு நிக்கணும். அவ்வளவுதாம்மா."

"ரிலீவர்!" என்றார் நண்பர்.

டாக்டர் அவரைப் பார்த்தார்.

"லைன் நிக்காது மேடம். ஒருத்தன் பாத்ரூம் போனா, கைல அடிபட்டு ஃபர்ஸ்ட் எய்டு போனா, அவன் எடத்துல ரிலீவர் வந்து நிப்பான். இவன் வந்தவொட்டி அவன் போயிடுவான். ரிலீவர யாரும் அந்த எடத்துல பர்மனென்ட் பண்ண மாட்டாங்க அண்ணி."

தங்கை அவரை விட்டுவிட்டு டாக்டரிடம் கேட்டாள்: "போனவன் திரும்பி வரலன்னா?"

கூடத்தில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

"நெறைய பேருக்குத் திரும்பி வருது. வாரக்கணக்கு ஆகலாம், மாசக்கணக்கு ஆகலாம். சில பேருக்கு வர்றதில்ல. இவருக்கு வரும்னு இப்ப நான் சொன்னா அது பொய். ஆனா இன்னைக்கு ரிலீவர் நிக்கலன்னா லைனே நின்னுடும்."

"சரி," என்றாள் தங்கை. "போடுங்க."

மச்சாண்டார் எழுந்து ஜன்னலுக்குப் போனார். "நா வேணாம்னு சொல்லல. நல்லதுன்னும் சொல்லல," என்று ஜன்னலிடம் சொன்னார்.

பிற்பகலில் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றால் சிவந்த குழாய்கள் சுற்றுவது தெரிந்தது. மச்சாண்டார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாஷிங் மெஷின் மாதிரி கீது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்ளோ மெதுவா சுத்துது பாரு," என்றார். அதன் பிறகு அவர் தெருக்காரரைப் பற்றிப் பேசவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத் தனித்தனியாக நினைவுபடுத்த முடியவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் இயந்திரம் வரும். இயந்திரம் வராத நாளில் கால் வீங்கும், வந்த நாளில் வற்றும். நானும் தங்கையும் மாறி மாறி அந்த நாற்காலிகளில் படுத்தோம். சாம்பார் சாதப் பொட்டலம், செல்போன் சார்ஜ் போடும் இடத்துக்குச் சண்டை, கழிப்பறை வாளியில் தண்ணீர் இல்லை என்ற புகார். கூடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் ஒருநாள் காலையில் பைகளைக் கட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனது. அவர்கள் போன விதத்தைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர்களுடைய சார்ஜ் பாயின்ட் எங்களுக்குக் கிடைத்தது. தங்கை அதில் போனைச் செருக அன்று முழுவதும் மறுத்தாள்.

நுரையீரல் முதலில் தேறியது. மயக்க மருந்தைக் குறைத்ததும் அவர் கைகள் அசையத் தொடங்கின. இரண்டு விரலைச் சேர்த்து எதையோ தள்ளுவார், நிறுத்துவார், பின்னால் இழுப்பார். மறுபடியும் தள்ளுவார். குழாய்களைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைத்துக் கைகளைத் துணியால் கட்டிவைத்திருந்தார்கள். தங்கை அதைப் பார்த்ததும் செவிலியரிடம் சொன்னாள்: "அது புடுங்கறதில்ல சிஸ்டர். வேல செய்றாரு. வயர சொருகி, க்ளிக்குனு சத்தம் வந்தா, இழுத்துப் பாக்கணும். அதான்."

திருநெல்வேலிப் பெண் அவர் காதருகே குனிந்தார். "அண்ணாச்சி, இங்கயும் ஓ.டி.யா? ஷிப்ட் முடிஞ்சி போச்சி, படுங்க."

கைகள் நின்றன. தற்செயலாக இருக்கலாம். தங்கை பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றினார்கள். பேச்சு காற்றாக வந்தது. கொஞ்சம் கஞ்சி குடித்தார். ஆனால் பையில் விழுந்தது போதவில்லை, இயந்திரம் தொடர்ந்தது. அந்த நிலையில் ஒருநாள் காலை இளம் டாக்டர் ஒருவர் வந்து கழுத்துக் குழாயைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு பெர்ம்கேத் போட்டுடலாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது தங்கை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவளைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பர்மனென்ட் பண்ணிட்டாங்கக்கா."

"யார் சொன்னா?"

"டாக்டரே சொல்லிட்டாரு. ஏதோ பெர்ம்கேத்தாம். பர்மனென்ட் டியூபு. நாளைக்கு." அழவில்லை. "வேணாம்னுதான நான் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து ரிலீவருன்னீங்க."

பெர்ம்கேத் என்ற சொல்லை நானும் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். அதில் 'பெர்ம்' என்பது பர்மனென்ட்தான் என்று எனக்கும் பட்டது. டீ ஆறியது. கிட்னி டாக்டர் வரும்வரை இரண்டு பேரும் அந்தப் படியிலேயே இருந்தோம்.

டாக்டர் இந்த முறை நின்றுகொண்டே விளக்கினார். கழுத்தில் இருக்கிற குழாயோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது, கிருமி ஏறும். நெஞ்சுத் தோலுக்கு அடியில் கொஞ்ச தூரம் ஓட்டி வெளியே கொண்டுவருகிற வேறு வகைக் குழாய் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், வாரம் இரண்டு முறை வந்து டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். அந்தக் குழாயின் பெயர்தான் பெர்ம்கேத். "பேரு மட்டும்தாம்மா அப்படி. கிட்னி தேறினா அதையும் எடுத்துடுவோம்."

தங்கை அவரை முழுதாகப் பார்த்தாள்.

"டெம்பரரிய வச்சிகினு வூட்டுக்குப் போகக்கூடாது. பர்மனென்ட்ட வச்சிகினு போலாம், அப்பறம் எடுத்துடுவீங்க. எந்த கம்பெனி சட்டம் மேடம் இது?"

டாக்டர் சிரித்துவிட்டார். தங்கை சிரிக்கவில்லை.

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர் இந்தப் பேச்சில் ஒரே ஒரு சொல்லைத்தான் பிடித்திருக்கிறார். நாங்கள் பக்கத்தில் போனதும் கண் திறந்தார்.

"பர்மனென்டா?" என்றார் காற்றுக் குரலில். "ஆர்டர் வந்துட்சா?"

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, "இன்னும் வரல. படு," என்றாள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது அந்த டயாலிசிஸ் மையம். நாற்காலிகள் இரண்டு வரிசை. அங்கேயும் ஷிப்ட்தான். காலை முதல் ஷிப்ட், மதியம் இரண்டாவது, சாயங்காலம் மூன்றாவது. இவருக்கு இரண்டாவது கிடைத்தது. டெக்னீஷியன் அதைச் சொன்னபோது இவர் பழக்கத்தில், "வாராவாரம் மாறுமா?" என்று கேட்டார். மாறாது என்றார்கள். "ஜெனரல் ஷிப்ட் மாதிரி," என்று எங்களிடம் சொன்னார்.

வாரம் இரண்டு முறை நான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். தங்கை அதற்குள் மறைமலை நகரில் ஒரு கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்த அறையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் எனக்குப் படிக்கவும் பிடிக்காது, பேசவும் பிடிக்காது. ஏ.சி. குளிருக்கு எல்லோரும் வீட்டிலிருந்து போர்வை கொண்டுவருவார்கள். தலை மூடப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். இவரும் தூங்கினார். எழுந்ததும் முகம் சுருங்கி, பேச்சு இல்லாமல், வாந்தி வருகிறது என்பார். ஆட்டோவில் ஏறினால் தெருக்காரரின் கால்கள் எனக்கு நினைவுக்கு வரும். அவற்றை நான் பார்த்ததே இல்லை.

வீட்டில் அளக்கச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் மில்லிலிட்டரில் கேட்டார். தங்கை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டி, பக்கவாட்டில் பேனாவால் கோடு போட்டுக் குளியலறையில் வைத்தாள். முதலில் பாட்டிலின் அடி மட்டும் நனைந்தது. நண்பர் தினமும் ஷிப்ட் முடிந்து போன் செய்வார். நலமா, சாப்பிட்டாயா என்று எதுவும் கேட்கமாட்டார்.

"மச்சான், இன்னிக்கு ப்ரொடக்‌ஷன் எவ்ளோ?"

"கால் பாட்டில்டா."

"டார்கெட் வரலியே. சூப்பர்வைசர் கேப்பாரு. நாளிக்கு ஏத்திக் குடு."

ஒருநாள் அரை பாட்டில் வந்தது. இரண்டு நாள் மறுபடி கால். பிறகு முக்கால். ஒரு வாரம் கழித்துத் தங்கை வேலைக்குப் போகும் வழியில் போன் செய்து, காலையிலேயே பாட்டில் நிறைந்துவிட்டது, மீதியை எதில் பிடிப்பது என்று அவர் போனில் கேட்டாராம், என்ன சொல்வது என்றாள். அவள் குரலில் மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் இருந்தது. பேருந்தில் நின்றுகொண்டு பேசினாள்.

"இன்னொரு பாட்டில வெட்டச் சொல்லு," என்றேன்.

டாக்டர் அவசரப்படவில்லை. சிறுநீர் வருவது வேறு, அதில் கழிவு வருவது வேறு என்றார். ஒவ்வொரு டயாலிசிசுக்கு முன்பும் ரத்தம் பார்த்தார்கள். ஒரு முறையைத் தள்ளிப்போட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தில் கழிவு கொஞ்சம் ஏறி நின்றது. அடுத்த முறையையும் தள்ளினார்கள். அது இறங்கியது. அந்த நாட்களில் மச்சாண்டார் மாடிப்படி ஏறி வந்து, ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருந்து, எண்ணைக் கேட்டுவிட்டு, அது நல்லதா கெட்டதா என்று கேட்காமலே போய்விடுவார். என்னிடம் ஒருநாள், "இன்னா பேப்பர்காரம்மா, போனவன் வந்துட்டான் போல கீது?" என்றார். வந்துகொண்டிருக்கிறான் என்றேன்.

முழுதாக வரவில்லை. பழைய அளவுக்குத் திரும்பாது, வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இனி ஆயுளுக்கும் கடையில் செட் வாங்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். கடைசியில் சொன்னதை மட்டும் இரண்டு முறை சொன்னார். தொழிற்சாலையில் அந்த மாதம் வரும் என்ற அறிவிப்பு அந்த மாதம் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. இவருடைய பெயர் டெம்பரரிகளில் இன்னும் இருக்கிறதா என்று நண்பர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பெர்ம்கேத்தை ஒரு வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, திரை போட்டு, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தங்கை லீவு போட்டு வந்திருந்தாள். "எங்க, காட்டு," என்றாள். பஞ்சைத் தூக்கிப் பார்க்க வேண்டாம் என்று இவர் தடுத்தார். அவள் கேட்கவில்லை, ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனாள்.

கடைசி முறை மறந்துவிட்டு வந்த போர்வை டயாலிசிஸ் மையத்திலேயே இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவைத் துணிக்கடை முன் நிறுத்திவிட்டு, அதை எடுத்துவர நான் மாடி ஏறினேன். இரண்டாவது ஷிப்ட் ஆரம்பித்திருந்தது. இவருடைய நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் புதுக் குழாய் போட்டிருந்தார்கள், கம்பெனி அடையாள அட்டையை இன்னும் கழற்றவில்லை.